தெரிந்து தயங்குதல்

புதிய மென்பொருளுக்குப் பயிற்சி என்று சுற்றறிக்கை வந்ததும் நூலகங்களில் ஒரு முணுமுணுப்பு எழும். ஓய்வுபெற நாலைந்து ஆண்டுகளே இருக்கும் நூலக உதவியாளர்தான் பெரும்பாலும் அதை முதலில் சொல்வார்: இத்தனை வருஷம் இது இல்லாமலா நூலகம் நடந்தது? எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் எத்தனையாவது தட்டில் இருக்கிறது என்று, நூல் விவர அட்டைகள் அடுக்கிய அட்டைப் பெட்டியைத் திறக்காமலே சொல்லக்கூடியவர் அவர். இப்போது அவர் முன்னால் ஒரு கடவுச்சொல், ஒரு பார்கோடு கருவி, நிரப்பச் சொல்லும் கட்டங்கள் நிறைந்த ஒரு திரை. பயிற்சி தர வந்த இளைஞர் அந்த முணுமுணுப்பைப் பயம் என்றோ சோம்பல் என்றோ எடுத்துக்கொள்கிறார்.

அந்த முணுமுணுப்புக்குள் மிகப் பழைய கேள்வி ஒன்று இருக்கிறது. தொண்டு செய்யும் கருவி மாறினால் தொண்டு அப்படியே நிற்குமா? கருவியைக் கையில் எடுத்தவரின் மனமும் அதன் போக்கில் மாறிவிடுமா? மாறும் என்றால், கருவியை மறுப்பதுதான் அறமா? கணினி வருவதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதைக் கேட்டிருக்கிறார்கள்.

சீனத்துத் தாவோ மரபின் ‘சுவாங் ட்சு’ நூலில் ஒரு கதை வருகிறது. கன்பூசியஸின் சீடர் ஒருவர் பயணம் போகும் வழியில், ஒரு முதியவர் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவதைப் பார்க்கிறார். முதியவர் கிணற்றுக்குள் இறங்கி, பானையில் மொண்டு, சுமந்துகொண்டு ஏறிவந்து பாத்தியில் ஊற்றுகிறார். பாடு பெரிது, நனையும் நிலம் சிறிது. ஒரே நாளில் நூறு பாத்திக்கு இறைக்கும் பொறி ஒன்று உண்டே, மரத்தில் செய்தது, பின்பக்கம் கனமாகவும் முன்பக்கம் லேசாகவும் இருக்கும் என்று சீடர் விவரிக்கிறார். நம் ஊர் ஏற்றமேதான். முதியவருக்குக் கோபம் வருகிறது, பிறகு சிரிப்பு வருகிறது. பொறி வந்தால் பொறிக்கேற்ற காரியங்கள் வரும், அவை வந்தால் பொறிக்கேற்ற மனமும் வந்துவிடும் என்று தம் ஆசிரியர் சொல்லக் கேட்டிருப்பதாகச் சொல்கிறார். அந்தப் பொறி தமக்குத் தெரியாதது இல்லை, பயன்படுத்தத்தான் வெட்கம் என்கிறார். குவாண்டம் இயற்பியலின் முன்னோடிகளில் ஒருவரான ஹைசன்பர்க்கும் நவீன அறிவியல் பற்றிய தம் நூலில் இந்தக் கதையை எடுத்துப் பேசியிருக்கிறார்.

தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு மறுப்பு தோன்ற வேண்டும். முதியவர் அஞ்சிய அதே ஏற்றத்தை நம் உழவர்கள் தலைமுறை தலைமுறையாக மிதித்திருக்கிறார்கள். ஒருவர் துலாவின் மேல் முன்னும் பின்னும் நடக்க, இன்னொருவர் கீழே நின்று சாலைப் பிடித்துக் கவிழ்ப்பார். அந்த வேலையிலிருந்து பிறந்தது ஏற்றப்பாட்டு. எத்தனை சால் இறைத்தோம் என்ற கணக்கே பாட்டின் தாளமாயிற்று. பொறியோடு ஒட்டி வாழ்ந்தவர்களின் மனம் வறண்டுபோகவில்லை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பிறகு பம்ப்செட் வந்தது. தண்ணீர் பெருகியது, முதுகொடியும் உழைப்பு குறைந்தது, பாட்டு நின்றது. ஒரு கருவியோடு மனிதர் உயிர்ப்போடு வாழ முடியும் என்பதும் உண்மை. அடுத்த கருவி அந்த வாழ்வின் ஒரு பகுதியைக் கொண்டுபோய்விடும் என்பதும் உண்மை. நூலக உதவியாளரின் தயக்கத்தை எடைபோட இந்த இரண்டு உண்மைகளும் வேண்டும்.

அவர் விட மனமில்லாமல் இருக்கும் அட்டைப் பெட்டியும் ஒரு காலத்துப் புதுமைதான். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க நூலகப் பள்ளிகள், அட்டை எழுதுவதற்கென்றே ஒரே சீரான கையெழுத்தைப் பயிற்றுவித்தன. யார் எழுதினாலும் ஒரே கை எழுதியதுபோல் இருக்க வேண்டும் என்பது விதி. தட்டச்சுப் பொறி வந்ததும் அந்தக் கையெழுத்துக்கு வேலையில்லாமல் போயிற்று. 1901-ல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், தான் அச்சிட்ட அட்டைகளை மற்ற நூலகங்களுக்கு விற்கத் தொடங்கியது. 1971 ஆகஸ்ட் 26 அன்று ஓஹையோ பல்கலைக்கழக நூலகத்தில், தொலைவிலிருந்த கணினியோடு இணைந்து முதன்முதலாக நூற்பட்டி தயாரித்தார்கள். அந்த இணைப்பை உருவாக்கிய ஓ.சி.எல்.சி. அமைப்பே அதன் பிறகும் நூலகங்களுக்கு அட்டைகளை அச்சிட்டு அனுப்பிக்கொண்டிருந்தது. ஏறத்தாழ 190 கோடி அட்டைகள். கடைசி அட்டைகள் அச்சானது 2015 அக்டோபர் 1-ல். திரை வந்து 44 ஆண்டுகள் அட்டையும் கூடவே இருந்திருக்கிறது. அமெரிக்க நூலகர்களுக்குக் கிடைத்த அந்த நீண்ட அவகாசம் நம் ஊர் உதவியாளருக்குச் சில நாள் பயிற்சியாகச் சுருங்கிவிடுகிறது. அவருடைய முணுமுணுப்பில் இந்த நியாயமும் உண்டு.

ஜெர்மனியில் ஸ்பான்ஹைம் மடத்தின் தலைவராக இருந்த டிரித்தேமியஸ் என்ற துறவியின் தயக்கம் இதைவிட ஆழமானது. அச்சு வந்து நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்த நேரத்தில், 1492-ல், கையால் படியெடுப்பவர்களைப் போற்றி அவர் ஒரு நூல் எழுதினார். தோலில் எழுதியது ஆயிரம் ஆண்டு நிற்கும், தாளில் அச்சிட்டது அத்தனை காலம் நிற்காது என்பது அவர் சொன்ன ஒரு காரணம். முக்கியமான காரணம் வேறு. வேத நூலை எழுத்தெழுத்தாகப் படியெடுக்கும் துறவியின் மனத்தில் ஒவ்வொரு சொல்லும் தங்குகிறது. கை செய்யும் வேலையே வழிபாடாகிவிடுகிறது. அச்சகம் நூலைத் தரும், அந்தத் தவத்தைத் தராது என்று அவர் நம்பினார்.

அந்த நூலை 1494-ல் மைன்ஸ் நகரில் அச்சிட்டார்கள். அதே ஆண்டில் அவருடைய இன்னொரு படைப்பும் அச்சேறியது: திருச்சபை சார்ந்த ஆயிரம் பேருக்குச் சற்றுக் குறைவான எழுத்தாளர்களையும் அவர்களுடைய நூல்களையும் கால வரிசையில் தொகுத்த பட்டியல். அச்சை முழு மனத்தோடு ஏற்காத துறவி, அச்சின் வழியாக நூற்பட்டியல் துறையின் தந்தை என்ற பெயரைப் பெற்றார். இதில் முரண் தேட வேண்டியதில்லை. படியெடுப்பதில் அவர் மதித்தது நூலுக்கும் மனிதருக்கும் இடையில் உண்டாகும் நெருக்கத்தை. அந்த நெருக்கம் யாருக்கெல்லாம் கிடைக்க வேண்டும் என்று எண்ணும்போது, எழுதுகோல் எட்டாத தூரத்துக்கு அச்சு போகும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

இருபதாம் நூற்றாண்டில் இதே புள்ளியைத் தொட்டவர் பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வெய். கவனமே பிரார்த்தனையின் சாரம் என்பது அவர் எண்ணம். தத்துவ ஆசிரியையாக இருந்த அவர் 1934 டிசம்பரிலிருந்து சில மாதங்கள் பாரிஸ் பகுதித் தொழிற்சாலைகளில் கூலியாளாக வேலை செய்தார். இயந்திரத்தின் வேகத்துக்கு ஈடுகொடுக்க ஒருவர் தம் சிந்தனையையே நிறுத்திவைக்க வேண்டியிருக்கிறது என்பதை உடம்பால் அறிந்தார். அவருடைய அனுபவத்தை நூலகத்துக்குக் கொண்டுவந்தால் கேட்க வேண்டிய கேள்வி இது: இந்தத் திரை உதவியாளரின் கவனத்தை வாசகரிடமிருந்து தன் பக்கம் இழுத்துக்கொள்கிறதா, வாசகரின் பக்கம் திருப்பிவிடுகிறதா? பதில் திரையில் மட்டும் இல்லை, அதைக் கையாள்பவரிடமும் இருக்கிறது. கட்டங்களை நிரப்புவதிலேயே மூச்சுத் திணறுபவரால் எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்க்க முடியாது. கை பழகிய பிறகுதான் கண் நிமிரும்.

எனவே தயக்கத்தை உரசிப் பார்க்க ஓர் அளவுகோல் வேண்டும். அந்தத் தயக்கம் யாருக்காக? தமக்குப் பழகிப்போன வசதிக்காகவா, வாசகருக்காகவா?

இந்த அளவுகோலைத் தந்தவரே ஒரு காலத்தில் தயங்கி நின்றவர்தான். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தார். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். வகுப்பறையின் கலகலப்புக்குப் பழகியவருக்கு நூலகத்தின் தனிமை தாங்கவில்லை. சில நாட்களிலேயே கல்லூரிக்குத் திரும்ப வழி கேட்டார். முதலில் இங்கிலாந்து போய்ப் படித்துவிட்டு வரட்டும், அதன் பிறகும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்ற ஏற்பாட்டோடு லண்டன் போனார். அங்கே பல நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். ஒரு கடையில் மெக்கானோ விளையாட்டுப் பொருளின் அதே சில துண்டுகளை மாற்றிப் பூட்டி வெவ்வேறு உருவங்கள் செய்து காட்டியதைப் பார்த்தபோது, அறிவுத் துறைகளையும் இப்படிப் பிரித்துக் கோக்கலாமே என்ற எண்ணம் பிறந்தது. 1933-ல் வெளிவந்த கோலன் பகுப்புமுறைக்கு விதை அது.

திரும்பி வந்த ரங்கநாதன் பிறகு கணித வகுப்பைத் தேடவில்லை. 1931-ல் அவர் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் முதலாவது புத்தகத்தின் பயன் பற்றியது, இரண்டாவதும் மூன்றாவதும் வாசகரும் அவருக்குரிய புத்தகமும் ஒருவரையொருவர் கண்டடைவது பற்றியவை. நான்காவது வாசகரின் நேரத்தைக் காப்பது, ஐந்தாவது நூலகத்தை வளரும் உயிராகக் காண்பது. ஊழியரின் வசதிக்கென்று ஒரு விதியும் அதில் இல்லை. இந்த விதிகளைத் தமிழ்நாட்டு நூலகங்கள் பல தங்கள் சுவர்களில் எழுதி வைத்திருக்கின்றன. தயங்கும் உதவியாளர் நாள்தோறும் அவற்றைக் கடந்துதான் தம் நாற்காலிக்குப் போகிறார்.

நான்காவது விதி ஒன்றே அவரைத் திரையின் முன் உட்காரவைக்கப் போதும். பக்கத்து மாவட்டத்தில் ஒரு நூல் இருப்பதை அட்டைப் பெட்டி சொல்லாது, இணைப்பு சொல்லும். ஆனால் அவர் உட்கார வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. திரைக்கு அவர் தேவைப்படுகிறார்.

தமிழ்ப் பெயர்களை எடுத்துக்கொள்வோம். புதுமைப்பித்தனும் சொ. விருத்தாசலமும் ஒருவரே. கல்கியும் ரா. கிருஷ்ணமூர்த்தியும் ஒருவரே. எழுத்தாளர் சுஜாதா என்பவர் எஸ். ரங்கராஜன். பாரதி ஷெல்லிதாசன் என்றும் எழுதினார். உ.வே. சாமிநாதையரை ஓர் அட்டவணை சாமிநாதையர் என்றும், இன்னொன்று சுவாமிநாத ஐயர் என்றும், மூன்றாவது முன்னெழுத்தின் கீழும் வைக்கும். குடும்பப் பெயரை முதலில் போடு என்று கேட்கும் மேலைநாட்டு மென்பொருளின் கட்டத்தில், குடும்பப் பெயரே இல்லாத தமிழர் எங்கே போவது? தமிழ் நூலின் தலைப்பை ஆங்கில எழுத்தில் பதிந்தால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுத்துக்கூட்டுவார்கள். ஓர் எழுத்து மாறினால் தேடல் பெட்டி கை விரித்துவிடும்.

அட்டைப் பெட்டிக்காரருக்கு இதெல்லாம் தெரியும். விருத்தாசலம் என்ற அட்டையில் ‘காண்க: புதுமைப்பித்தன்’ என்று எழுதியவர் அவர்தான். அட்டையில் எழுதாமல் நினைவிலேயே வைத்திருக்கும் இணைப்புகள் இன்னும் அதிகம்: எந்தத் தொகுப்பில் எந்த முன்னுரை, எந்தப் பதிப்பில் எந்தப் பக்கங்கள் இல்லை, உள்ளூர்ப் புலவர் ஒருவரின் நூல் எந்தப் பெயரில் பைண்டு செய்யப்பட்டிருக்கிறது. அவர் கருவியைக் கற்காமல் ஓய்வுபெற்றால் இந்த அறிவு அவரோடு வெளியே போய்விடும். கற்றுக்கொண்டு பதிந்தால், வாசகர் எங்கிருந்து தேடினாலும் அது எதிர்கொண்டு வரும். தயங்குபவர் தம்மிடம் இருப்பதைக் காப்பதாக நினைக்கிறார். வாசகருக்குச் சேர வேண்டியதை அறியாமலே தம்மிடம் நிறுத்திவைக்கிறார்.

கற்றல் ஒரு பக்கமாக மட்டும் நடக்கக் கூடாது என்பதற்கும் நல்ல முன்னுதாரணம் உண்டு. உலக நூலகங்கள் இன்றும் பயன்படுத்தும் மார்க் என்ற பதிவு வடிவத்தை உருவாக்கிய ஹென்ரியெட் ஆவ்ரம் நூலகவியல் படித்தவர் இல்லை, கணினி நிரல் எழுதுபவர். 1965-ல் காங்கிரஸ் நூலகத்தில் சேர்ந்தபோது, ஓர் அட்டையில் உள்ள ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே இருக்கிறது, ஒவ்வொரு புள்ளியும் எதைப் பிரிக்கிறது என்பதை நூற்பட்டி தயாரிப்பவர்களிடமிருந்து அவர் கற்க வேண்டியிருந்தது. அட்டையில் ஊறியவர்களின் அறிவைக் கேட்டு வாங்கியதால்தான் அவர் அமைத்த வடிவம் நின்றது. நம் பயிற்சி அறைகளில் இளைஞர் பேசுகிறார், மூத்தவர் குறிப்பெடுக்கிறார். நாளில் பாதி நேரமாவது இது திரும்ப வேண்டும்.

இதுவரை சொன்னது கற்பதற்கான நியாயம். மறுப்பதற்கான நியாயம் ஒன்றும் மிச்சம் இருக்கிறது, அதுவும் அட்டைக்காரரிடம்தான் இருக்கிறது.

நூல்களை இரவல் தரும் பழைய பிரவுன் முறையில் வாசகரிடம் சிறு பை போன்ற டிக்கெட் இருக்கும். புத்தகம் வெளியே போகும்போது அதன் அட்டையை எடுத்து அந்தப் பைக்குள் செருகித் தட்டில் வைப்பார்கள். புத்தகம் திரும்பியதும் அட்டை புத்தகத்துக்குள் போகும், டிக்கெட் வாசகர் கைக்குப் போகும். யார் எதைப் படித்தார் என்ற சுவடே இருக்காது. மறதி அந்த முறையின் உள்ளேயே இருந்தது. கணினி அப்படி மறப்பதில்லை. மறக்கச் சொல்லி யாராவது அமைக்காவிட்டால், ஒருவர் பத்து ஆண்டுகளில் எடுத்த நூல்களின் வரிசையை அது வைத்துக்கொண்டே இருக்கும். எழுத்து வந்தால் மனிதர் நினைவை இழப்பர் என்று எகிப்திய மன்னன் அஞ்சிய கதையைப் பிளேட்டோ ஓர் உரையாடலில் சொல்கிறார். இன்றைய நூலகத்தில் அந்த அச்சம் தலைகீழாக நிற்கிறது. கருவி மறக்க மறுக்கிறது.

ஒருவர் எந்த நோயைப் பற்றி, எந்த மதத்தைப் பற்றி, எந்த அரசியலைப் பற்றிப் படித்தார் என்பது அவருடைய மனச்சாட்சியின் அறை. 2005-ல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், பல நூலகங்களுக்குப் பொதுவான கணினி அமைப்பை நடத்திவந்த நிறுவனத்திடம், நூலகக் கணினி ஒன்றைக் குறிப்பிட்ட நேரத்தில் பயன்படுத்தியவர் பற்றிய விவரங்களைக் கேட்டது எஃப்.பி.ஐ. கேட்டதையே வெளியில் சொல்லக் கூடாது என்றும் தடை விதித்தது. நான்கு நூலகர்கள் விவரம் தர மறுத்து நீதிமன்றம் போனார்கள். 2006-ல் வாய்ப்பூட்டு விலகியது, அரசு தன் கோரிக்கையைக் கைவிட்டது. அந்த நால்வரும் கணினியை ஒதுக்கியவர்கள் இல்லை, அதை நடத்தும் பொறுப்பில் இருந்தவர்கள். எங்கே எது பதிவாகிறது, அதைக் கொடுத்தால் யாருக்கு என்ன ஆகும் என்று அறிந்திருந்ததால்தான் அவர்களால் எதிர்த்து நிற்க முடிந்தது.

சீனத்து முதியவரின் சொல்லில் நாம் கவனிக்க வேண்டியது இதைத்தான். அவர் பொறியைத் தெரிந்துகொண்டு மறுத்தார். தெரியாமல் ஒதுங்குவதில் அந்த வலு இருக்காது. இந்தியக் கல்லூரி நூலகங்கள் பலவற்றில் உள்ள கோஹா, நியூசிலாந்தின் ஹோரோவெனுவா பகுதி நூலகங்களுக்காக உருவாகி 2000-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்த திறந்த மூல மென்பொருள். திருப்பித் தந்த நூல்களின் பதிவிலிருந்து வாசகரின் அடையாளத்தை நீக்கும் வசதி அதில் உண்டு. ஆனால் அதை ஒருவர் தேடிப் போய் அமைக்க வேண்டும். பிரவுன் டிக்கெட்டின் மறதியை அறிந்த ஒருவருக்குத்தான் அப்படி ஒன்றைத் தேட வேண்டும் என்றே தோன்றும்.

கருவியை எப்படி மதிப்பது என்பதற்கு நம்மிடம் ஒரு வழிபாடே இருக்கிறது. நவராத்திரியின் ஒன்பதாம் நாளில் புத்தகங்களை அடுக்கிப் பொட்டு வைக்கிறோம். அன்றைக்குப் படிப்பதில்லை. கலப்பைக்கும் சுத்தியலுக்கும் தறிக்கும் சந்தனம் பூசுகிறோம். அன்றைக்கு அவற்றை ஓட்டுவதில்லை. பல அலுவலகங்களில் கணினியும் இப்போது அந்த வரிசையில் சேர்ந்துவிட்டது. மறுநாள் விஜயதசமியன்று எல்லாவற்றையும் மீண்டும் கையில் எடுக்கிறோம். வணங்கத் தக்கது என்று ஏற்றுக்கொண்ட அதே பொருளை, ஒரு நாள் தொடாமல் இருக்கவும் இந்தச் சடங்கு பழக்குகிறது. கருவியை வெறுப்பவருக்கும் அதற்கு அடிமையானவருக்கும் இது வாய்க்காது. இரண்டு பக்கமும் போகாமல் நடுவில் நிற்கும் பயிற்சியை, எந்தத் தத்துவ வகுப்பும் இல்லாமல், பட்டறையிலும் வயலிலும் நம் மக்கள் ஆண்டுதோறும் செய்துவருகிறார்கள்.

அந்த நடுநிலை நூலக மேசையிலும் தேவைப்படுகிறது. இன்று கிளை நூலகங்களில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் நிறைய உட்கார்ந்திருக்கிறார்கள். அரசுப் பணியாளர் தேர்வாணையத்துக்கு இணையத்தில் விண்ணப்பம் போடத் தெரியாமல் ஒரு பெண் மேசைக்கு வந்து நிற்பாள். ஓய்வூதியச் சான்றுக்கு என்ன செய்வதென்று ஒரு பெரியவர் கேட்பார். சிறு வயதிலேயே கணினி பழகியவருக்கு அவர்கள் எந்த இடத்தில் திகைக்கிறார்கள் என்பது எளிதில் புலப்படாது. ஐம்பது வயதுக்கு மேல் விருப்பமில்லாமல் கற்றுக்கொண்ட உதவியாளருக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும். அவரே பக்கத்தில் உட்கார்ந்து, எந்தப் பெட்டியில் எதை எழுதுவது, எதைக் கேட்டால் தரக் கூடாது என்று சொல்லிக்கொடுக்கலாம். அதற்கான நேரத்தையும் நாற்காலியையும் நூலகத் துறை அவருக்கு ஒதுக்க வேண்டும். அடுத்த மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்துக்கும் அவரை அழைக்க வேண்டும்.